கீழ்த்தளத்தில் ஒரு மேசை

வரிசையில் நிற்பதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள், நியூ ஆர்லியன்ஸில் அதுவும் ஒரு பிழைப்பு. தெஸ்போ உணவகத்தின் கீழ்த்தளத்தில் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட முன்பதிவு கிடையாது. நீதிபதியானாலும் சரி, கப்பல் முதலாளியானாலும் சரி, வாசலில் வந்து நிற்க வேண்டும். அவர்கள் எங்கே நிற்கப் போகிறார்கள்? அவர்களுக்காக நான் நிற்கிறேன். இருட்டோடு வந்து நடைபாதையில் இடம் பிடிப்பேன். கதவு திறந்ததும் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் சொல்வேன். அவர்கள் சென்ட் வாசனையோடு காரை விட்டு இறங்கியதும் இடத்தை ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்டுவேன். பதினொரு வருடமாக இதைச் செய்கிறேன். அந்தக் கூடத்தை நான் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மாடியிலும் மேசைகள் உண்டு. அங்கே முன்பதிவு செய்துகொள்ளலாம், போன உடனே உட்காரலாம். ஆனால் அது வெளியூர்க்காரர்களுக்கு. இந்த ஊரில் பிறந்த எவனும் வெள்ளிக்கிழமை மாடி ஏற மாட்டான். அதே அடுப்பு, அதே மீன், அதே வெண்ணெய்தான். இருந்தாலும் மாடியில் தின்றவனை தெஸ்போவில் தின்றவன் என்று நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. இதில் என்ன நியாயம் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

ஜனவரியில் ஒருநாள் மகள் ஓடெட் அட்லாண்டாவிலிருந்து பேசினாள். அங்கே மருந்தாளராக இருக்கிறாள். கார்வின் என்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். பையனின் அப்பா டாக்டர், அம்மா கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

"அப்பா, கார்வினோட அப்பா அம்மா நம்ம ஊரைப் பார்க்கணுங்கறாங்க. மியூசியம், பாட்டு, நல்ல சாப்பாடு, எல்லாத்தையும். வெள்ளிக்கிழமை மத்தியானம் தெஸ்போவுக்குப் போகணும். கீழ்த்தளத்துல."

"கார்னிவல் திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமையா? ஊரே வாசல்ல நிக்குமே. உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவலை? நாங்க நாலு பேர் வர்றோம். நீங்களும் எங்களோட உக்காந்து சாப்பிடணும். கோட்டு போட்டுக்கிட்டு வாங்க. சாக்குப்போக்கு சொல்ற வேலையே வேண்டாம்."

போனை வைத்த பிறகு சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அறுபத்துமூன்று வயது. ஆசைப்படுவதை எல்லாம் எப்போதோ விட்டாயிற்று என்று நினைத்திருந்தேன். ஆனால் இதற்கு ஆசைப்பட்டேன், வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன். அந்த வெள்ளை விரிப்பு மேசையில், என் மகள் பக்கத்தில், ஒரு தடவை உட்கார வேண்டும். பரிமாறுபவன் என்னை 'மிஸ்டர் ரூசெல்' என்று கூப்பிடுவதைப் பையனைப் பெற்றவர்கள் கேட்க வேண்டும்.

வழக்கமாக நான் வரிசையில் இடம் பிடித்துக் கொடுக்கிற வக்கீல் லெஜியூனிடம், அந்த வெள்ளிக்கிழமை என்னால் வர முடியாது என்று சொன்னேன். மனிதருக்கு முகம் தொங்கிப் போயிற்று. "யாருக்கு நிக்கப் போறே, எதிர்க்கட்சி வக்கீலுக்கா?" என்றார். எனக்காக நிற்கப் போகிறேன் என்றேன். கடைசியில் மிஸ் வெர்டலை ஏற்பாடு செய்துகொண்டார்.

இந்த மிஸ் வெர்டல் என்னைவிட வயதில் மூத்தவள். என்னைப் போலவே வரிசைப் பிழைப்புதான். வாய் இருக்கிறதே, அது தனி. ஃபிளாஸ்க் நிறைய சிக்கரிக் காப்பியும் மடக்கு நாற்காலியுமாக வந்துவிடுவாள். அன்றைக்கு வரிசையில் நான் முதல் ஆள், அவள் இரண்டாவது ஆள்.

பிளாஸ்டிக் உறை போட்டுக் கையில் பிடித்திருந்த என் நீலக் கோட்டைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"யாரு செத்தாங்க?" என்றாள்.

"யாரும் சாகலை. பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்தி ரெண்டு பேரோட உள்ளே போய்ச் சாப்பிடப் போறேன்."

"நீயா?"

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

"வாய்க்கென்ன குறைச்சல். முள்ளுக்கரண்டி எந்தக் கையில பிடிக்கணும்னு தெரியுமா, அதைச் சொல்லு."

ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தது. தூறல் போடுவதும் நிற்பதுமாக இருந்தது. இந்தப் பிழைப்புக்கு முன்னால் துறைமுகத்தில் காப்பி மூட்டை தூக்கியே என் இரண்டு முழங்காலும் போய்விட்டன. நாற்காலி கொண்டுவந்தாலும் பிரயோசனமில்லை. உட்கார்ந்து எழுந்தால் இன்னும் வலிக்கும். அதனால் நின்றே பழகிவிட்டேன். விடிந்தது. குப்பை வண்டி போனது. முந்தின இரவின் பீர் நாற்றத்தை ஒருத்தன் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவினான். வரிசை தெருமுனை திரும்பி அடுத்த தெருவுக்குள் போய்விட்டது. தூங்காத கண்ணுக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது.

எங்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. ஒருத்தர் அவசரத்துக்குப் போனால் அடுத்தவர் அந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும். கதவு திறக்கிற நேரமாகப் பார்த்து மிஸ் வெர்டலுக்கு அவசரம் வந்துவிட்டது. "என் ஆளையும் நீயே சொல்லிடு. ஆறு பேரு" என்று சொல்லிவிட்டு மூலைக் கடைக்கு ஓடினாள்.

கதவு திறந்தது. மேலாளர் நுமா, கறுப்பு கோட்டும் கழுத்தில் சின்ன டையுமாக வெளியே வந்தான். அவனுக்கு என்னை நன்றாகத் தெரியும், முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"சொல்லுங்க மிஸ்டர் ஆல்சிட்."

"ரூசெல், நாலு. லெஜியூன், ஆறு."

குறித்துக்கொண்டான், மதியம் அந்த வரிசைப்படிதான் உள்ளே கூப்பிடுவான். அடுத்த ஆளிடம் போனான், அப்படியே மளமளவென்று வரிசை நெடுகப் போய்விட்டான். எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. உறையைப் பிரித்துக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். தோள் கொஞ்சம் பிடித்தது. மிஸ் வெர்டல் திரும்பி வந்து தன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சு. உன் ஆறு, என் நாலு."

அவள் காப்பியை வாய் வரை கொண்டுபோனவள் நிறுத்தினாள். "பொண்ணு, மாப்பிள்ளை, அவனைப் பெத்தவங்க ரெண்டு பேரு. நாலு."

"ஆமா."

"அப்போ இந்தக் கோட்டு யாருக்கு?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது தலையில் இடி விழுந்தது போலிருந்தது. பதினொரு வருடமாக வாசலில் நின்று எண்ணிக்கை சொல்கிறேன், ஒரு நாளும் அதில் நான் இருந்ததில்லை. வருகிறவர்கள் எத்தனை பேரோ அதுதான் எண்ணிக்கை. நாக்கு தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. விடிய விடிய கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மடையன், கேட்டதும் தன்னை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறான்.

நுமாவைப் பிடிக்க ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது பெருமைக்கு, நொண்டினேன். அவன் வரிசைக் கடைசி வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"நுமா, என்னோடதை அஞ்சுன்னு மாத்திக்கப்பா."

"அஞ்சு பேர் மேசை கீழே ரெண்டே ரெண்டுதான், மிஸ்டர் ஆல்சிட். ரெண்டும் போச்சு."

"ஒரு நாற்காலி சேர்த்துப் போடு. ஓரமா உக்காந்துக்கறேன்."

"எங்க போடச் சொல்றீங்க? இன்னிக்குத் தூணுக்கும் மேசைக்கும் நடுவுல என் பசங்களே பக்கவாட்டுல நடக்கறாங்க." அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டான். "மாடியிலே ஒரு பெரிய மேசை காலியா இருக்கு. சிகாகோ ஆளுங்க, பனியிலே விமானம் கிளம்பலையாம். வேணுமா?"

"மாடியா? என்னை என்னன்னு நினைச்சே?"

"நான் கேட்டது தப்புதான்" என்று உள்ளே போய்விட்டான்.

திரும்பி வந்து என் இடத்தில் நின்றேன். என் மேல் எனக்கு வந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது? மிஸ் வெர்டல் மட்டும்தான் இருந்தாள். "நீ சரியான நேரம் பார்த்துப் போனியே" என்று அவள் மேல் பாய்ந்தேன். அவள் அமைதியாக ஒரு கோப்பை காப்பி ஊற்றி என் கையில் திணித்தாள். அவள் திருப்பித் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என்ன சொல்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வயிறு சரியில்லை என்பேன். அவர்கள் நாலு பேரும் கீழ்த்தளத்தில் ராஜா மாதிரி சாப்பிடட்டும். வந்த விருந்தாளிகள் போய் நாலு பேரிடம் சொல்வார்கள், சம்பந்தி எங்களுக்கு தெஸ்போவில் கீழே இடம் பிடித்துக் கொடுத்தார் என்று. அது போதும் எனக்கு. போதும் போதும் என்று எனக்கே இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டேன்.

மதியம் நெருங்கும்போது வந்து சேர்ந்தார்கள். இரண்டே நாளில் ஊர் அவர்களைப் பிழிந்து காயப்போட்டிருந்தது. பையனின் அப்பா டாக்டர் ஹைடவர் நல்ல உயரம், கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. அவர் மனைவி குதிகால் செருப்பில் ஒரு காலைத் தூக்குவதும் இன்னொரு காலைத் தூக்குவதுமாக நின்றார். கார்வின் நின்றுகொண்டே கொட்டாவி விட்டான். என் ஓடெட் மஞ்சள் கவுனில் இருந்தாள்.

"இவர்தான் என் அப்பா" என்றாள், கையைப் பிடித்துக்கொண்டு.

"உங்க ஊர் மனுஷங்க எப்பத்தான் தூங்குவீங்க, மிஸ்டர் ரூசெல்?" என்றார் டாக்டர். "மூணு மியூசியம், நாலு பாட்டுக் கச்சேரி. இன்னும் என் காதுல ட்ரம்பெட் ஊதிக்கிட்டே இருக்கான் ஒருத்தன்."

"இவருக்கு ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது" என்றார் அவர் மனைவி. "காசு குடுத்து வந்திருக்கோம்னு என்னை இழுத்துக்கிட்டே அலையறார். எனக்கு உக்கார ஒரு இடம் கிடைச்சா போதும், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இடம் இருக்குங்கம்மா. வரிசையிலே முதல் இடம் நம்மளது. கூப்பிட்டதும் உள்ளே போங்க" என்றேன்.

"வாங்க அப்பா" என்றாள் ஓடெட்.

"நீங்க போங்க கண்ணு. எனக்கு வயிறு சரியில்லை."

எதிரே நிற்பவர் டாக்டர் என்பது எனக்கு மறந்தே போயிற்று. மனிதர் தூக்கமெல்லாம் கலைந்து நிமிர்ந்தார். "எங்க வலிக்குது? வலது பக்கமா, இடது பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே நடைபாதையில், அத்தனை பேர் பார்க்க, என் கோட்டுப் பொத்தானைக் கழற்றி வயிற்றை அமுக்கினார்.

"நடுவுலங்க."

"இங்கேயா?"

"கொஞ்சம் மேல."

"காலையிலே என்ன சாப்பிட்டீங்க?"

அவர் மனைவி கைப்பையைக் குடைந்து மூன்று வகை மாத்திரை எடுத்து நீட்டினார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. அதற்கு மேல் மிஸ் வெர்டலால் பொறுக்க முடியவில்லை.

"அவனை விடுங்க டாக்டர். வயிறு கல்லு மாதிரி இருக்கு. நாக்குலதான் கோளாறு. மேசை கேட்கறப்ப தன்னைச் சேர்க்காம எண்ணித் தொலைச்சிட்டான். உள்ளே நாலு நாற்காலிதான் இருக்கு."

டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். ஓடெட் என்னைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"நாலுன்னு சொன்னீங்களா அப்பா?"

"பழக்க தோஷம்மா. வேணும்னு செய்வேனா? தூக்கம் வேற இல்லை."

"வேற மேசை இல்லையா?"

"மாடியிலே இருக்குன்னான்."

"அப்ப மாடிக்குப் போவோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மாடிக்கா? ராத்திரியிலேர்ந்து கால் கடுக்க நின்னது உன்னை மாடியிலே உக்கார வைக்கவா? இந்த வரிசையிலே இருக்கற அத்தனை பேரும் பார்த்துக்கிட்டு நிக்கறான். நாளைக்கு ஊரே சிரிக்கும். அங்க வெளியூர்க்காரங்கதான் உக்காருவாங்க."

"நானும் இப்ப வெளியூர்க்காரிதான்."

"நீ அப்படி இல்லை."

"அவங்களுக்குக் கீழே எது, மேலே எதுன்னே தெரியாது அப்பா. எனக்குத் தெரியும், ஆனா எனக்கு அக்கறையில்லை. உங்களுக்காகத்தான் கீழேன்னு கேட்டேன். நீங்க கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டே இருந்த இடமாச்சேன்னு."

"அப்ப நீங்க போய் உக்காருங்க. எனக்கு அதுவே சந்தோஷம்."

அவள் கையை விட்டாள். குரல் ஏறவில்லை. அவள் அம்மா இருந்தவரை, அவளுக்கும் கோபம் வந்தால் குரல் ஏறியதில்லை.

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. மே மாசம் கல்யாணம். சர்ச்சுல முன்வரிசையிலே பொண்ணு பக்கம் எத்தனை பேர்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் இன்னும் சொல்லலை. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. நான் பள்ளிக்கூடத்துல கிளாரினெட் வாசிச்சப்போ நீங்க கதவுகிட்ட நின்னீங்க. பட்டம் வாங்கினப்போ பின்சுவரு பக்கம் நின்னீங்க. வரலைன்னு நான் சொல்லவே இல்லை, ஒண்ணுக்கும் நீங்க வராம இருந்ததில்லை. ஆனா உக்காந்ததே இல்லை. அம்மா பக்கத்துல காலி நாற்காலி இருக்கும். நான் அதைப் பார்த்துக்கிட்டேதான் வாசிச்சேன். சொல்லுங்க. எத்தனைன்னு சொல்லட்டும்?"

அப்போது நான் துறைமுகத்தில் இருந்தேன். காப்பித் தூசியும் பூட்ஸுமாக வேலையிலிருந்து நேராகப் போவேன். சுத்தமாக உடுத்தி வந்தவர்கள் பக்கத்தில் அப்படியே போய் எப்படி உட்காருவது? நின்றாலும் பிள்ளை வாசிப்பது கேட்கத்தானே செய்கிறது என்று நினைத்தேன். மேடையில் இருக்கிற பிள்ளை கீழே நாற்காலியைப் பார்க்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இவ்வளவு வருடமும் அவள் அதைச் சொன்னதில்லை. மார்பு வலித்தது. டாக்டரிடம் அதைக் காட்டியிருந்தால் அவருக்கும் என்ன தெரிந்திருக்கப் போகிறது?

நுமா வாசலில் நின்று பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தான். முதல் பெயர் என் பெயர்.

"ரூசெல். நாலு பேர்."

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. இந்தப் பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் பிடித்த இடத்தை விட்டதில்லை. புயல் எச்சரிக்கை வந்த வெள்ளிக்கிழமைகூட விட்டதில்லை. அதைச் சொல்லித்தான் எனக்கு ஆள் கிடைக்கிறது. நுமாவிடம் நடந்து போனேன்.

"கீழ் மேசையை அடுத்தவங்களுக்குக் குடுத்துடு" என்றேன். "மாடியிலே போடு. அஞ்சு பேர்."

"நிஜமாத்தானா மிஸ்டர் ஆல்சிட்? முதல் ஆள் நீங்க. தூண் பக்கத்துல, நல்ல மேசை."

"அஞ்சு பேர்னு சொன்னேன். காது கேக்கலையா?"

பின்னால் ஒரு கசமுசா எழுந்தது. யாரோ விசில் அடித்தான். மிஸ் வெர்டல் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து வந்து, டாக்டர் கழற்றின என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு, "போ, சீக்கிரம் போ, என் வக்கீல் வந்துடுவான்" என்று மட்டும் சொன்னாள்.

படி ஏறுவது எனக்குப் பெரும் பாடு. கீழ்க் கூடத்தின் இரைச்சலும் வறுத்த பாதாம் மணமும் என்னைத் தாண்டி மேலே போயின. திருமதி ஹைடவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு எனக்கு முன்னால் ஏறினார். "இனிமே எந்த மியூசியமும் கிடையாது, சொல்லிட்டேன்" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே போனார். கார்வின் ஒரு பக்கமும் ஓடெட் ஒரு பக்கமும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று உதறத் தோன்றியது. உதறவில்லை.

மாடி அறையில் கூட்டம் குறைவு. ஜன்னலோரம் ஒரு பெரிய மேசை. பரிமாறுபவன் ஒரு நாற்காலியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். யாரோ பின்னால் வருகிறார்கள் என்று நான் வழிவிட்டு ஒதுங்கினேன். பின்னால் யாரும் இல்லை.

"உங்களுக்குத்தான் அப்பா" என்றாள் ஓடெட்.

உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் விண்ணென்று தெறித்தன, பிறகு மெல்ல அடங்கின. எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது. டாக்டர் அதற்குள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். எனக்கும் கண் எரிந்தது. கண் சொருகுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று மகள் பக்கம் திரும்பினேன்.

"அந்த சர்ச்சுக்காரங்க கேட்டா" என்றேன், "என்னையும் சேர்த்துச் சொல்லு."

அவள் மெனு அட்டையை எடுத்து விரித்து முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பரிமாறுபவன் இரண்டு தடவை வந்து என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் அட்டையைக் கீழே இறக்கவே இல்லை.